கடல் கடந்து வரும் குதிரை



1956-ஆம் ஆண்டு ஒலிம்பிக் பந்தயங்கள் எந்த நகரில் நடைபெற்றன என்று வினவினால், பொது அறிவுத் தேர்வுக்கு ஆயத்தமாகும் மாணவர் எவரும் தயங்காது மெல்போர்ன் என்று விடை கூறுவர். அவ்விடைக்கு முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆயினும் அது முழு உண்மையன்று. அவ்வாண்டின் ஒலிம்பிக் பந்தயங்களுள் ஒரு பகுதி ஆஸ்திரேலியாவில் நடைபெறவில்லை. பூமியின் மறுகோடியில், சுவீடன் நாட்டின் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில், ஜூன் மாதத்திலேயே அது நடந்து முடிந்துவிட்டது. மெல்போர்ன் பந்தயங்கள் தொடங்கியதோ நவம்பர் 22-ஆம் நாள். ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் சுடரை ஏந்தி அரங்கினுள் நுழைந்தவர் ஓடிவரவில்லை; குதிரைமீது அமர்ந்து வந்தார். ஏனெனில் அங்கு நடந்தவை யாவும் குதிரையேற்றப் போட்டிகளே. ஓட்ட வீரரையும் நீச்சல் வீரரையும் மற்போர் வீரரையும் இரு கைகளையும் விரித்து வரவேற்ற ஆஸ்திரேலியா, குதிரைகளை மட்டும் உள்ளே விடமாட்டேன் என்று மறுத்துவிட்டது.

மறுத்தமைக்குக் காரணம் பகையன்று, செலவுமன்று. ஒரு சட்டம். அயல்நாட்டுக் குதிரைகள் ஆறு திங்கள் தனிமைக் காவலில் இருந்தாக வேண்டும் என்பது அந்நாட்டின் அக்காலத்து விதி. ஆறு திங்கள் கொட்டடியில் நின்ற குதிரை, பின்னர் வேலி தாண்டவும் நீர்நிலை பாயவும் உதவுமா? ஒலிம்பிக் பந்தயத்தை நடத்தும் உரிமையை மெல்போர்ன் 1949-இல் பெற்றது; அதுவும் பியூனஸ் அயர்ஸ் நகரை ஒரே ஒரு வாக்கு மிகுதியால் வென்று பெற்றது. அந்த மகிழ்ச்சியில் குதிரைகளைப்பற்றி எவரும் ஆழ்ந்து எண்ணவில்லை போலும். பின்னர் விதியைத் தளர்த்துமாறு கேட்டுப் பார்த்தனர். ஆஸ்திரேலிய அரசு இசையவில்லை. இறுதியில், 1954-இல், குதிரைப் போட்டிகள் மட்டும் ஸ்டாக்ஹோமுக்கு மாற்றப்பட்டன.

ஸ்டாக்ஹோமில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இடையே சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஜெர்மானிய வீரர் ஹான்ஸ் குந்தர் விங்க்லர், முதற் சுற்றில் தசைப்பிடிப்பு உண்டாகி, இரண்டாம் சுற்றில் குதிரைமீது நேராக அமரவும் இயலாத வேதனையில் இருந்தார். ஹல்லா என்னும் அவருடைய பெண்குதிரை, தன்மேல் இருப்பவர் வழிகாட்டும் நிலையில் இல்லை என்பதை உணர்ந்ததுபோல், தடைகள் அனைத்தையும் தானே கணித்துத் தாண்டி அவருக்குத் தங்கப் பதக்கம் தேடித்தந்தது. ஆஸ்திரேலியர் இக்காட்சியைத் தம் மண்ணில் காணும் பேற்றை இழந்தனர். அவர்களுடைய சொந்த வீரர்களும், பந்தயத்தை நடத்துவது தம் நாடாயிருந்தும், ஐரோப்பாவுக்குப் பயணம் செய்துதான் போட்டியிட்டனர்.

இச்செய்தியை முதன்முதலாகப் படித்தபொழுது, இஃது என்ன பிடிவாதம் என்றே நானும் எண்ணினேன். உலகமே கூடும் விழாவுக்காக ஒரு விதியைச் சிறிது வளைத்தால் என்ன கேடு வந்துவிடும்? இவ்வினாவுக்குரிய விடை 51 ஆண்டுகள் கழித்து, அதே ஆஸ்திரேலியாவில், அதே விதி ஓரிடத்தில் நெகிழ்ந்தபொழுது கிடைத்தது. அதனைச் சொல்லுமுன், இந்த விதிகள் எதற்காக ஏற்பட்டன என்பதைச் சற்றே விளக்க வேண்டும்.

நோய்க்காவலை ஆங்கிலத்தில் குவாரன்டைன் என்பர். அச்சொல் நாற்பது என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது. கொள்ளை நோய் பரவிய காலத்தில் கப்பல்களை நாற்பது நாள் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்திவைத்த வழக்கத்தின் சின்னம் அது. அதற்கும் முன்னர், 1377-இல், ஏட்ரியாட்டிக் கடற்கரையில் உள்ள ரகுசா நகரம் முப்பது நாள் என்று விதித்திருந்தது. அக்காலத்தவர் நோய்க்கிருமியைக் கண்டவர் அல்லர். காத்திருந்தால் நோய் தன்னை வெளிக்காட்டும் என்னும் ஒன்றை மட்டுமே பட்டறிவால் கண்டிருந்தனர்.

அந்தப் பட்டறிவு ஓரளவுக்கே செல்லும். குதிரைகளைத் தாக்கும் இன்புளுவென்சாவை எடுத்துக்கொள்வோம். கிருமி புகுந்த ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் குதிரைக்குக் காய்ச்சல் காண்கிறது, வறட்டு இருமல் தொடங்குகிறது, மூக்கு ஒழுகுகிறது. இதற்குப் பதினான்கு நாள் காவல் போதும். ஆனால் குதிரைகளுக்கு வரும் தொற்று இரத்தசோகை என்றொரு நோய் உண்டு. ஒருமுறை அதன் கிருமி புகுந்துவிட்டால் ஆயுள் முழுவதும் உடலைவிட்டு நீங்குவதில்லை. வெளிப்பார்வைக்கு அக்குதிரை கொழுத்து, மினுமினுப்பாக நிற்கும். அதன் இரத்தத்தைக் குடித்த ஈ மற்றொன்றைக் கடித்தால் நோய் அங்கே செல்லும். இதற்கு நாற்பது நாளென்ன, நானூறு நாள் காத்திருந்தும் பயனில்லை. இரத்தத்தைச் சோதித்தே கண்டறிதல் வேண்டும். அச்சோதனையை 1970-இல் வகுத்தவர் காகின்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர். இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. கிளாண்டர்ஸ் என்னும் நோயோ குதிரையோடு நிற்பதில்லை. மூக்கிலும் நுரையீரலிலும் தோலிலும் புண்ணாகிக் குதிரையைக் கொல்லும் அந்நோய், அதனைப் பேணும் மனிதனையும் தொற்றிக் கொல்லவல்லது. இந்தியாவில் அஃது இன்னும் அடியோடு ஒழியவில்லை.

இவை அனைத்தினும் கொடியது ஆப்பிரிக்கக் குதிரை நோய். இதற்கு முன் இந்நோயைக் கண்டிராத குதிரைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறும் மடிவதுண்டு. காலையில் தீனி தின்ற குதிரை, மாலைக்குள் நுரையீரலில் நீர் கோத்து, மூக்கில் நுரை தள்ளி விழுந்துவிடும். இது குதிரையிலிருந்து குதிரைக்கு நேரே தொற்றுவதில்லை. கொசுவினும் சிறிய, குலிகாய்டிஸ் என்னும் கடிபூச்சியே இதனைச் சுமந்து செல்கிறது. அப்பூச்சி மாலை மயங்கும் வேளை தொடங்கி விடியும் வரையில்தான் மிகுதியாகப் பறக்கும். ஆதலால் நோயுள்ள நாட்டிலிருந்து அனுப்பப்படும் குதிரைகளைப் பொழுது சாயுமுன்னரே நுண்வலை அடித்த லாயத்துள் அடைத்து, ஞாயிறு எழுந்து நெடுநேரம் சென்ற பின்னரே வெளியே விடுகிறார்கள். வேலியும் பூட்டும் தடுக்கமாட்டாத பகைவனைக் கொசுவலை தடுக்கிறது!

இந்நோயின் வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. 1987-இல் ஸ்பெயின் நாட்டில், மாட்ரிட் நகருக்கு அருகே இருந்த ஒரு வனவிலங்குப் பூங்காவுக்கு, ஆப்பிரிக்காவின் நமீபியாவிலிருந்து பத்து வரிக்குதிரைகளைக் கொண்டுவந்தார்கள். அவை நலமாகவே இருந்தன. வரிக்குதிரையின் உடலில் இக்கிருமி நாற்பது நாள் வரையிலும் தங்கக்கூடும். ஆனால் வரிக்குதிரைக்கு நோய் என்று சொல்லத்தக்க எதுவும் தோன்றுவதில்லை. உள்ளூர்ப் பூச்சிகள் அவற்றைக் கடித்தன. பின்னர்ப் பக்கத்துக் குதிரைகளைக் கடித்தன. அந்த நோயை ஸ்பெயினிலிருந்து ஒழிக்க 1990 வரையில் போராட வேண்டியதாயிற்று. குதிரையின் உறவினங்களாகிய கழுதை, கோவேறு கழுதை, வரிக்குதிரை ஆகியவற்றையும் குதிரைக்குரிய விதிகளுக்குள் ஏன் அடக்குகிறார்கள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நம் நாடும் இந்நோயை அறியாததன்று. 1959-இல் மேற்காசியாவில் தோன்றிய பெருவாரி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக 1960-இல் இந்தியாவையும் எட்டியது. அந்தச் சில ஆண்டுகளில் அத்தனை நாடுகளிலுமாக மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளும் கழுதைகளும் மாண்டன. வண்டி இழுத்தும் பொதி சுமந்தும் பிழைத்த குடும்பங்களுக்கு அது குதிரையின் சாவு மட்டுமன்று.

குதிரை நோயினால் மனித வாழ்வு எவ்வாறு நின்றுபோகும் என்பதை மோட்டார் வாகனங்களுக்கிடையே வாழும் நாம் கற்பனை செய்வதும் அரிது. 1872-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் கனடாவில் டொராண்டோ நகரத்துப் பகுதியில் குதிரைகளுக்கு இன்புளுவென்சா கண்டது. இருப்புப் பாதைகளை ஒட்டியே அந்நோய் பரவிற்று என்றால் வியப்பில்லை. குதிரைகளை ரயிலிலேயே ஏற்றிச் சென்றனர் அல்லவா? சில வாரங்களில் நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் டிராம் வண்டிகள் நின்றன; துறைமுகங்களில் சரக்குகள் குவிந்தன. நவம்பர் 9-ஆம் நாள் இரவு பாஸ்டனில் தீப்பற்றியபொழுது, தீயணைக்கும் எந்திரங்களை இழுக்கவேண்டிய குதிரைகள் லாயத்தில் இருமிக்கொண்டிருந்தன. மனிதர்கள் கயிறு பூட்டி அவற்றை இழுத்துச் சென்றார்கள். எழுநூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அவ்வழிவுக்குக் குதிரை நோயே காரணம் என்று சிலர் எழுதுவர், அது மிகை. குதிரைகள் இல்லாமையால் நேர்ந்த தாமதம் சில நிமிடங்களே என்று பின்னர் அமைந்த விசாரணைக் குழு கண்டது. எனினும் ஒரு நகரத்தின் கைகால்கள் அன்று முடங்கிக் கிடந்தன என்பது உண்மை.

நிற்க. கடல் கடந்து குதிரை வாங்குவது தமிழர்க்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை கூறுகிறது. பாண்டியர் காலத்தில் பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் வந்திறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வாசாப், வழியில் கடலில் இறந்துபோன குதிரைக்கும் அரசன் கருவூலத்திலிருந்தே விலை கொடுக்கப்பட்டது என்று எழுதிவைத்திருக்கிறார். மார்க்கோ போலோவோ, வந்த குதிரைகளுள் பெரும்பாலானவை இங்கே விரைவில் மடிந்தன என்றும், சோறும் இறைச்சியும் தீனியாக இட்டனர் என்றும், குதிரையைப் பேணும் அறிவுடையோர் இல்லை என்றும் குறை கூறுகிறார். அயலார் சொல்லை அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்று தெளிவு: வாங்கும் இடத்தில் சோதனையில்லை, வந்திறங்கும் இடத்தில் காவலில்லை, செத்தாலும் விலையுண்டு என்னும் வாணிகத்தில், நலமுள்ள குதிரையைத் தேர்ந்து அனுப்பவேண்டிய கட்டாயம் வணிகனுக்கு இல்லை.

அக்கட்டாயத்தைத்தான் இக்காலத்து விதிகள் உண்டாக்கின. அவை ஒரே நாளில் பிறந்தவை அல்ல. 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசில் நாட்டுக்குச் சென்ற திமில் மாடுகள், இடையே பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. அவற்றோடு சென்ற வெக்கை நோய் ஐரோப்பிய மாடுகளைப் பற்றிக்கொண்டது. அந்த அதிர்ச்சியின் விளைவாக 1924-இல் 28 நாடுகள் கூடிப் பாரிசில் ஓர் அனைத்துலக அலுவலகத்தை நிறுவின. உலக விலங்குநல அமைப்பு என்று இன்று அழைக்கப்படுவது அதுவே. எந்த நாட்டில் எந்த நோய் உள்ளது என்பதை மறைக்காமல் அறிவிப்பதும், ஒரு விலங்கை ஏற்றுமதி செய்யுமுன் என்னென்ன செய்யவேண்டும் என்று வரையறுப்பதும் அதன் பணிகள்.

ஒரு குதிரை இன்று ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்குச் செல்லும் வகையைக் கேளுங்கள். முதலில் அதற்கு ஒரு கடவுச்சீட்டு. நெற்றிச் சுட்டியும் கால் வெண்மையும் மயிர்ச்சுழியும் அதில் வரைந்து காட்டப்பட்டிருக்கும். நம் ஊர்ப் பெரியவர்கள் சுழி பார்த்தது போலத்தான். ஆனால் நோக்கம் வேறு. கழுத்துத் தசையில் அரிசியளவான ஒரு மின்சில்லும் பதிக்கப்பட்டிருக்கும். ஒரு குதிரையின் இரத்தத்தைச் சோதித்துவிட்டு மற்றொரு குதிரையை அனுப்பும் சூழ்ச்சிக்கு இதனால் இடமில்லை. அடுத்து, புறப்படும் நாட்டிலேயே தனி லாயத்தில் சில வாரக் காவல். ஒருங்கே செல்லும் குதிரைகள் மட்டுமே அங்கே இருக்கும். அந்நாட்களில் தவறாமல் உடல் வெப்பத்தை அளந்து குறித்து வைப்பர்; இரத்தமும் மூக்குச் சளியும் சோதனைக்குச் செல்லும்; தடுப்பூசிகள் போடப்படும். பின்னர் அரசாங்கக் கால்நடை மருத்துவரின் கையொப்பம். விமானத்தில் ஏற்றுமுன் பூச்சிக்கொல்லி தெளித்தல். பயணமும் எளிதன்று. தலையைத் தாழ்த்த முடியாமல் பல மணி நேரம் கட்டுண்டு நிற்கும் குதிரைக்கு மூச்சுக்குழலில் சேரும் அழுக்கை வெளியேற்ற முடிவதில்லை. அதனால் சில குதிரைகளுக்கு நுரையீரல் அழற்சி காண்கிறது. அதனைத் தொற்றுநோயிலிருந்து பிரித்தறிவது இறங்கும் இடத்து மருத்துவரின் முதற் கவலை. இறங்கிய நாட்டில் மீண்டும் காவல், மீண்டும் சோதனை.

இத்தனையும் ஏட்டில் உள்ளவை. இனி 2007-ஆம் ஆண்டு நிகழ்ந்ததைச் சொல்கிறேன்.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் ஜப்பானிலிருந்து சில பொலிகுதிரைகள் ஆஸ்திரேலியாவுக்கு விமானத்தில் வந்தன. இவ்வகைக் குதிரைகளின் வாழ்க்கையே விசித்திரமானது. வடபாதி உலகில் ஓர் இனப்பெருக்கப் பருவம், தென்பாதியில் மற்றொன்று என ஆண்டுதோறும் இரு கண்டங்களுக்கிடையே பறப்பவை அவை. அதே மாதத்தில் ஜப்பானில் குதிரை இன்புளுவென்சா வெடித்தது. வந்த குதிரைகள் சிட்னி நகருக்கு மேற்கே ஈஸ்டர்ன் கிரீக் என்னும் இடத்து அரசாங்க நோய்க்காவல் நிலையத்தில் வைக்கப்பட்டன. அவற்றுக்குத் தடுப்பூசி போடப்பட்டிருந்தது. இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தடுப்பூசி போட்ட குதிரைக்கு நோய் கடுமையாக வராது, ஆனால் கிருமி சில நாள் அதன் மூக்கில் குடியிருந்து வெளிப்படக்கூடும். நோயை மறைக்கும் திரையாகவும் ஊசி அமைந்துவிடலாம். அதனாலேயே ஊசிக்குப்பின்னும் காவல் வேண்டும் என்கிறோம்.

காவல் இருந்தது, வேலி இருந்தது, பூட்டும் இருந்தது. குதிரை எதுவும் வேலி தாண்டவில்லை. ஆனால் லாயப் பணியாளர்களும் லாடம் கட்டுபவர்களும் மருத்துவர்களும் உள்ளே சென்று திரும்பினார்கள். குதிரை இருமும்பொழுது தெறிக்கும் துளிகள் சட்டையிலும் காலணியிலும் கடிவாளத்திலும் படிந்து சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் வரையிலும் உயிரோடிருக்கவல்லவை. வெளியேறுமுன் குளித்து உடைமாற்ற வேண்டும் என்னும் ஒழுங்கு அங்கே செம்மையாகக் கடைப்பிடிக்கப்படவில்லை. உள்ளே செல்வோர் யார், வெளியே வந்தபின் எந்த லாயத்துக்குப் போகிறார் என்று பார்ப்பாரும் இல்லை. நாட்டின் தலைமை நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற ஐயன் காலினன் தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம், கிருமி பெரும்பாலும் அந்நிலையத்திலிருந்து வெளியேறிய ஒருவரின் மேலோ ஒரு கருவியின் மேலோ ஒட்டிக்கொண்டே வெளியேறியிருக்கவேண்டும் என்று 2008-இல் முடிவு கூறிற்று. இன்னார் என்று சுட்ட முடியவில்லை. அவ்வளவு சிறிய நிகழ்ச்சி அது. யாரோ ஒருவர் மாலையில் களைத்து வீடு திரும்பும் அவசரத்தில் குளியலறையைக் கடந்து சென்றிருக்கலாம்.

ஆகஸ்டு நடுவில் மெயிட்லண்டு நகருக்கு அருகே ஒரு சவாரிப் போட்டி நடந்தது. பல ஊர்களிலிருந்தும் குதிரைகள் வந்து, ஓரிடத்தில் நீர் குடித்து, வண்டியேறி வீடு திரும்பின. ஆகஸ்டு 24-ஆம் நாள் சிட்னியின் நடுவே சென்டினியல் பூங்காவில் உள்ள லாயத்தில் நோய் உறுதிப்பட்டபொழுது, அக்குதிரைகளோடு கிருமியும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் நாடு முழுவதும் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குக் குதிரை எதுவும் இடம்பெயரக்கூடாது என்று ஆணை பிறந்தது. குவீன்ஸ்லாந்தில் வார்விக் நகரத்துக்குப் போட்டிக்காக வந்தவர்கள் தம் குதிரைகளோடு அங்கேயே அடைபட்டு, வாரக்கணக்கில் கூடாரங்களிலும் வண்டிகளிலும் தங்க நேர்ந்தது. சிட்னியின் வசந்தகாலக் குதிரைப் பந்தயங்கள் நின்றன. சில திங்களுக்குள் ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட பண்ணைகளிலும் லாயங்களிலும் நோய் புகுந்தது.

இன்புளுவென்சாவால் இறந்த குதிரைகள் மிகச் சிலவே என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். பெரும்பாலானவை சில வாரம் இருமி எழுந்துவிட்டன. உண்மையில் நலிந்தவர்கள் மனிதர்கள்: நாட்கூலிக்குக் குதிரை ஓட்டியவர்கள், லாடம் அடிப்பவர்கள், வைக்கோல் விற்பவர்கள், சிறுவர்க்குச் சவாரி கற்பித்து வாழ்ந்தவர்கள். பந்தய முதலாளிகளுடைய இழப்பைப்பற்றி நாளிதழ்கள் நிரம்ப எழுதின. குறட்டையும் சுத்தியலும் ஏந்தி வீடுவீடாகச் சென்று பிழைத்தவனுக்கு, குதிரையை நெருங்கக்கூடாது என்னும் ஆணை அடுப்பை அணைக்கும் ஆணையாகவே இருந்தது. விசாரணை நூலைவிட இதுவே என் நெஞ்சில் நிற்கிறது.

அந்நாட்டுக் குதிரைகள் அதுவரை அந்நோயைக் கண்டிராதவை, தடுப்பூசியும் பெறாதவை. உலர்ந்த காட்டில் தீ போல நோய் பரவியதற்கு அதுவே காரணம். எனினும் அதனை முற்றிலும் ஒழித்த திறமையையும் பாராட்ட வேண்டும். நோயுள்ள பகுதிகளைச் சுற்றி வளையம் போல ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளுக்கு ஊசி போட்டார்கள். அதற்கெனத் தேர்ந்த ஊசிமருந்தில் ஒரு நுட்பம் இருந்தது: ஊசியால் எதிர்ப்பாற்றல் பெற்ற குதிரையையும் நோயால் பெற்ற குதிரையையும் இரத்தச் சோதனையில் வேறுபடுத்திக் காணலாம். இந்நுட்பம் இல்லாதிருந்தால் நோய் ஒழிந்ததா என்பதைக் கண்டறிய வழியே இருந்திராது. அவ்வாண்டு டிசம்பருக்குப்பின் புதிய நோயாளி இல்லை. இப்பொழுது மெல்போர்னுக்கு வடக்கே மிக்கிள்ஹாமில், 2015-இல் திறக்கப்பெற்ற புதிய நிலையத்திலேயே பெரும்பாலான அயல்நாட்டுக் குதிரைகள் தங்குகின்றன. ஆறு திங்கள் என்பது போய், குறைந்தது பதினான்கு நாள் என்றாகிவிட்டது. சோதனை வளர்ந்தமையால் நாட்கள் குறைந்தன. ஆனால் குளித்து, உடையும் காலணியும் மாற்றிய பின்னரே வெளியேற வேண்டும் என்னும் விதி இறுகிற்று. 1956-இல் பிடிவாதம் என்று தோன்றியது எனக்கு இப்பொழுது அவ்வாறு தோன்றுவதில்லை. அன்று அந்நாட்டினரிடம் இன்றைய சோதனைகள் இல்லை. நாட்களைத் தவிர வேறு கருவியும் இல்லை.

ஸ்டாக்ஹோமின் கதை மீண்டும் நிகழாமலும் இல்லை. 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தன, காரணம் அதுவே. ஆனால் சீனர் அடுத்த முறைக்கு வேறு வழி கண்டனர். 2010-இல் குவாங்சோவில் ஆசிய விளையாட்டுகள் நடந்தபொழுது, கோங்ஹுவா என்னும் வட்டாரத்தைக் குதிரை நோயற்ற பகுதியாக்கிக் காட்டினர். நாடு முழுவதையும் நோயற்றதாக்க இயலாவிடினும், ஒரு வட்டாரத்தையோ ஒரு வளாகத்தையோ அவ்வாறு ஆக்கலாம் என்பது இக்காலத்துக் கருத்து. இந்தியாவிலும் கால்நடை இறக்குமதிக்கு 1898-ஆம் ஆண்டிலேயே சட்டம் உண்டு. சென்னை உள்ளிட்ட நகரங்களில் நோய்க்காவல் நிலையங்களும் உள்ளன. உள்ளே வருவதைக் காக்கும் ஏற்பாடு நெடுங்காலமாக இருந்தும், நம் குதிரைகளைப் பிற நாடுகள் ஐயத்தோடே நோக்கின. 2025-இல் மீரத் நகரத்து இராணுவக் குதிரை மருத்துவப் படையின் வளாகம் ஒன்று குதிரை நோயற்ற வளாகமென உலக விலங்குநல அமைப்பின் ஏற்பைப் பெற்றது. இந்தியக் குதிரை இந்தியாவிலிருந்தே புறப்பட்டு அயல்நாட்டுப் போட்டிக்குச் செல்வதற்கு இது திறந்த முதற் கதவு.

கதவை ஒருபுறமாக மட்டுமே திறந்து வைத்திருக்கும் நாடும் ஒன்றுண்டு. ஐஸ்லாந்துத் தீவுக்குள் எந்த அயற் குதிரையும் வரலாகாது. ஆயிரம் ஆண்டுகளாகக் கலப்பின்றி வாழும் அந்நாட்டுச் சிறு குதிரைகளுக்கு உலக நோய்கள் பலவற்றின் வாடையும் தெரியாது. 2010-இல் ஓர் இருமல் நோய் எப்படியோ புகுந்து நாட்டின் குதிரைகளையெல்லாம் பற்றிக்கொண்டது. அவ்வாண்டின் தேசியக் குதிரை விழாவும் தள்ளிவைக்கப்பட்டது. வெளிநாட்டில் பயன்படுத்திய சேணத்தையும் கடிவாளத்தையும் அங்கே கொண்டு வரலாகாது. அத்தீவின் வீரர்கள் ஐரோப்பாவில் நடக்கும் பந்தயங்களுக்குத் தாம் குட்டியிலிருந்து வளர்த்த குதிரைகளோடு செல்கிறார்கள். போட்டி முடிந்தபின் குதிரை அங்கேயே விற்கப்படுகிறது. ஒருமுறை தீவைவிட்டுப் புறப்பட்டது மீண்டும் அதன் மண்ணை மிதிப்பதற்கில்லை. வென்றாலும் தோற்றாலும் வீரர் தனியாகவே விமானம் ஏறுகிறார்.